சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மீன் தொட்டி

மே 12, திங்கள்

வெயில். காலை ஆறு மணிக்கே முதுகு நனைந்துவிட்டது. ஏ ஷிஃப்ட். இரண்டு மணிக்கு முடிந்து, ஒரகடம் ஜங்ஷனில் இறங்கி, நேராக மீன் கடை.

வாங்கியது: கண்ணாடித் தொட்டி (மூன்று லிட்டர் பிடிக்கும்), மூடி, கூழாங்கல் ஒரு பை, தீனி டப்பா சின்னது, பிளாஸ்டிக் செடி (வேண்டாம் என்று சொல்லியும் தலையில் கட்டிவிட்டான்), ஃபைட்டர் மீன் ஒன்று. உடம்பு நீலம், வால் சிவப்பு.

ஏன் வாங்கினேன் என்று எழுதிவிடுகிறேன், பிறகு எனக்கே மறந்துவிடும். நேற்று சர்ச் முடிந்து வரும்போது ரூபி அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டாள். பாட்டில் பாட்டிலாக ஃபைட்டர் மீன் தொங்கவிட்டிருந்தான். ஜெ. இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள். எனக்கும் ஜெயராஜுக்கும் கல்யாணமாகி ஐந்து மாதம். இந்த ஐந்து மாதத்தில் அவர் பெண் எதையும் அப்படி ஆசையாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயசு. அம்மா போய் மூன்று வருஷம். என்னோடு பேசிய மொத்தப் பேச்சு: "ம்", "சாப்ட்டேன்", "தெரியாது". என்னை என்னவென்று கூப்பிடுவது என்ற பிரச்சினையையே தீர்த்துவிட்டாள். கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் ஒரு செருமல்.

கடைக்காரன்: "ஒண்டிதான் வைக்கணும்மா. இன்னொன்ன வுட்டா ஒன்ன ஒன்னு கடிச்சி சாவடிச்சிடும். தண்ணி ஒன்னும் ஸ்பெஷல் வோணாம். கொழாத் தண்ணி ஒரு நாள் புடிச்சி வச்சி ஊத்து."

குழாய்த் தண்ணீராம். அவனுக்கென்ன. இது செத்தால் இன்னொன்று விற்பான். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் குக்கர் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. அதில் மீனா?

ஜெ. வந்து பார்த்துவிட்டு, "மீனு வாங்கிக் குட்த்தா பொண்ணு பேசிடுவாளா?"

"பேசலன்னா மீனாவது பேசட்டும்" என்றேன். சிரித்தார். ரூபி சிரிக்கவில்லை. ஆனால் டிவியை நிறுத்திவிட்டாள்.

மே 13, செவ்வாய்

வெயிலோ வெயில். மீன் இன்னும் கடைக்காரன் கொடுத்த கவரிலேயே, பாத்திரத்துக்குள்.

தண்ணீர் யோசனை பிளான்டில், லைனில் நிற்கும்போதே வந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன் பம்பரைக் கடைசியாகக் கழுவுவது டி.எம். வாட்டரில். உப்பு, சுண்ணாம்பு எல்லாம் எடுத்த தண்ணீர். அதில் கழுவினால் ஒரு பொட்டுக் கறை தங்காது. கார் பம்பருக்கே அந்த மரியாதை என்றால் உயிருள்ள மீனுக்கு?

லேபில் முருகேசன் சாரிடம் பத்து லிட்டர் கேட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நிறைய பேர் வாங்கிப் போவதுதான். அவரும் அப்படியே நினைத்து கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். நான் திருத்தவில்லை. கேட்டில் செக்யூரிட்டி கேனை முகர்ந்து பார்த்து, "இன்னாமா, எல்லாரும் தண்ணிய உள்ள எடுத்துக்கினு வருவாங்க, நீ வெளிய எடுத்துக்கினு போற" என்றான். பாஸைக் காட்டினேன். பாஸையும் முகர்ந்தான்.

வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். (லேபில் கழித்துப் போட்ட பேனா மீட்டர். தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு என்று எண் காட்டும். இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.) டி.எம். தண்ணீர்: 3. எங்கள் குழாய்: 680. சே.

ஹாலில், ரூபியின் கண்ணாடி மாட்டிய ஷெல்ஃபில் தொட்டி. மீனை விட்டதும் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்றது. ஜெ. "உன்ன மாதிரியே கீது" என்றார். வாயை மூடுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினேன்.

"ரூபி, இது உன்னோடது."

"ம்."

சுவரில் ஒரு செக் ஷீட் ஒட்டினேன். தேதி, தீனி, தண்ணீர், மீட்டர், கையெழுத்து. ஜெ.: "வூட்டயும் பிளான்ட் ஆக்கிட்டியா?" ஆக்கினால் என்ன. இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றாவது ஒழுங்காக இருக்கட்டும்.

மீனுக்குப் பேர் இல்லை. அவளே வைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மே 14, புதன்

மதியம் மூன்று மணிக்கு வீடு. மீட்டர்: 310.

மூன்று இருந்தது முந்நூற்றுப் பத்து ஆகுமா? மீட்டர் பழுதோ என்று கேனில் முக்கினேன். 3. மீட்டர் சரி. அப்படியென்றால் பாதித் தண்ணீரை யாரோ எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. நானும் ஜெ.யும் விடிவதற்குள் கிளம்பிவிடுகிறோம். அவர் ஓட்டும் கம்பெனி பஸ் சாயங்காலம்தான் திரும்பும். ஸ்கூல் லீவு. வீட்டில் இருப்பது ஓர் ஆள்.

"ரூபி, தொட்டிய தொட்டியா?"

"இல்ல."

கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். பாத்ரூம் மக் கிச்சனில் ஈரமாக இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக டி.எம். ஊற்றினேன். 3. கையெழுத்துப் போட்டேன்.

ரேஷன் கார்டில் பேர் சேர்க்க ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். மறந்தே போகிறது.

மே 15, வியாழன்

மீன் அடியில் படுத்திருக்கிறது. துடுப்பெல்லாம் மடங்கி, நனைந்த துணி மாதிரி. நேற்று தீனி போட்டால் பாய்ந்து வந்தது, இன்று திரும்பிப் பார்க்கவில்லை. ஜெ. "தூங்குது வுடு" என்கிறார். அவருக்கு எல்லாம் தூங்கும்.

அதைவிடப் பெரிய விஷயம்: தண்ணீர் டீ நிறம். உள்ளே ஒரு காய்ந்த இலை. பெரிய வாதாம் இலை, நன்றாகக் கழுவிப் போட்டிருந்தது. காற்றில் விழ வாய்ப்பே இல்லை, மூடி மூடியிருக்கிறது. வாதாம் மரம் இந்தத் தெருவிலேயே கிடையாது. வல்லக்கோட்டை போகிற ரோட்டில் ஸ்கூல் காம்பவுண்டு ஓரம்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்ப் பொறுக்கி வந்திருக்கிறாள். எதற்கு?

கீழ்வீட்டு தனம் அக்காவிடம் (வீட்டு ஓனர்) வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். "நீ வூட்ல இல்லாதப்ப அந்தப் பொண்ணு பாட்டில்ல தண்ணி புடிச்சிக்கினு மேலயும் கீழயுமா நடக்குது ஸ்டெல்லா. நான் பாத்துக்கினுதான் கீறேன். இலைய கிலைய போடறதெல்லாம் சும்மா இல்ல. எதுக்கும் நீ உஷாரா இரு."

செய்வினை அது இதுவென்று நான் நம்புவதில்லை. ஆனாலும் இலையைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து வெளியே எறிந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. பிறகு இடுக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தொட்டித் தண்ணீரையும் மாற்றினேன்.

ரூபி கதவோரம் நின்று பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

என்னவாக இருக்கும்:
1. சும்மா விளையாட்டு.
2. நான் வாங்கினது என்பதால் பிடிக்கவில்லை.
3. மீன் செத்தால் நான் அழுவேன் என்று பார்க்கிறாள்.

மே 16, வெள்ளி

மேகம் கூடிவிட்டு ஏமாற்றியது.

லைனில் பம்பர் முழுக்கக் குண்டூசித் தலை அளவுக்குப் பள்ளம். காலையிலிருந்து பதினோரு பீஸ் போச்சு. எண்ணெய்ப் பசை காற்றில் கலந்தால் பெயின்ட் அப்படித்தான் விலகும். பெயின்ட் அடிக்கும் பூத்துக்குள் போகிறவர்கள் தலையில் எண்ணெய், முகத்தில் கிரீம் எதுவும் கூடாது என்பது ரூல். வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் முகர்ந்தேன். நாலாவது ஆள், புதிதாக வந்த பெண். உதட்டில் நெய் தடவியிருக்கிறாள், வெடிப்புக்கு. "அக்கா, ஒதட்டுல தானக்கா" என்று அழுதாள். அழட்டும். பிடித்துவிட்டேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஸ்டெல்லா மூக்குக்கு எதுவும் தப்பாது."

வரும்போது HOLD ஸ்டிக்கர் நாலு கொண்டுவந்தேன். சந்தேகப்பட்ட பீஸில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர். அது ஒட்டியிருந்தால் என்னை மாதிரி குவாலிட்டி ஆள் வந்து பார்க்கும்வரை பிளான்ட் மேனேஜரே ஆனாலும் தொடக்கூடாது. இன்னொரு கேன் டி.எம்.மும். முருகேசன் சார் ஒரு மாதிரி பார்த்தார்.

இன்று மீட்டர்: 290. மறுபடியும் இலை, இந்த முறை பாதி இலை. மீன் மட்டும் நேற்றைவிடத் தெளிவாக, மேலே வந்து தீனி தின்றது. எப்படியென்று தெரியவில்லை. நேற்று நான் மாற்றிய நல்ல தண்ணீர் இப்போதுதான் வேலை செய்கிறது போல.

எல்லாவற்றையும் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீர். மூடிக்கும் தொட்டிக்கும் சேர்த்து சிவப்பு ஸ்டிக்கர். ரூபிக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "இத பிரிச்சா எனக்குத் தெரிஞ்சிடும்."

மே 17, சனி

பிரிக்கவில்லை. பிளேடு வைத்து அறுத்திருக்கிறாள். மூடி ஓரமாக, நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. வேலை சுத்தம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மீட்டர்: 330.

என்னால் முடியவில்லை. கத்திவிட்டேன்.

"எதுக்குடி தண்ணிய மாத்துற? உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சி அது? செத்துப் போவட்டும்னு பாக்குறியா?"

தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது, விழவில்லை. அவள் அழாமல் நின்றதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சாயங்காலம் ஜெ. வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "மீனுக்காக கொழந்தகிட்ட மல்லுக்கு நிப்பியா ஸ்டெல்லா?" மீனுக்காக இல்லை என்று இவருக்கு எப்படிச் சொல்வது? நான் ஒன்று கொடுத்தேன். அதை அவள் கொல்லப் பார்க்கிறாள். நாளைக்கு நான் போடுகிற சோற்றையும் இப்படித்தான் கொட்டுவாளா? ஆயுசு முழுக்க இந்த வீட்டில் நான் விருந்தாளியா?

தொட்டியை உள் அறைக்குத் தூக்கிப் போய்விட்டேன். கதவுக்குப் பூட்டு. சாவி என் ஐடி கார்டு கயிற்றில்.

மீன் சாகட்டும் என்றே பார்க்கிறாள். எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மனசு மாறி இல்லை என்று சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

மே 18, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. கழுத்தில் சாவி உறுத்திக்கொண்டே இருந்தது.

புதுத் தண்ணீர், முழுக்க. மீட்டர்: 2. இதற்கு மேல் சுத்தம் கிடையாது. யாரும் தொடவில்லை, மூடி திறக்கவில்லை, தூசி இல்லை.

மீன் மோசம். ஒருக்களித்துக் கிடக்கிறது. வால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கிறது. பழைய தண்ணீரின் பாதிப்பு என்று நினைக்கிறேன். அவள் செய்ததெல்லாம் இப்போது தெரிகிறது.

ரூபி மதியம் சாப்பிடவில்லை. கோழிக் குழம்பு அப்படியே இருக்கிறது. அடுக்களையில் குக்கர் மட்டும்தான் என்னோடு பேசியது.

மே 19, திங்கள்

(ராத்திரி எழுதுகிறேன்.)

இந்த வாரம் பி ஷிஃப்ட். இரண்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்குக் கிளம்பும்போது ரூபி வந்து வாசலை மறித்து நின்றாள். செருமவில்லை.

"சாவிய குட்த்துட்டுப் போங்க."

ஐந்து மாதத்தில் முதல் முழு வாக்கியம்.

"எதுக்கு?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு லேபில் இன்னொரு கேன் கேட்டேன். முருகேசன் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு வாரத்துல மூணாவது கேன். எந்த பேட்டரிம்மா இவ்ளோ குடிக்குது? வெளிய கிளிய விக்கிறியா?"

என்னைச் சந்தேகப்பட்டுவிட்டார். என்னை! கோபத்தில் உண்மையைச் சொன்னேன். மீன் சார், ஃபைட்டர் மீன், சுத்தமான தண்ணியா இருக்கட்டும்னுதான்.

அவர் சிரிக்கவில்லை. "அடக் கடவுளே. டி.எம். தண்ணியிலயா மீனு வுட்ட? அதுல ஒன்னுமே இல்லம்மா. உப்பு கூட இல்ல. மீனு உடம்புல கீற உப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும். வெறும் தண்ணியில கெடந்து சாவும். உங்க வூட்டுக் கொழாத் தண்ணியே ஊத்தியிருக்கலாமே."

"அதுல பாதி கொழாத் தண்ணி கலந்தா?"

"பொழச்சிக்கும்."

"வாதாம் இல போட்டா?"

"அது ரொம்ப நல்லது. மீனு வளக்கறவங்க எல்லாம் போடுவாங்க. யார் சொன்னா உனக்கு?"

யாரும் சொல்லவில்லை. சொல்ல நான் விடவில்லை.

ஜெ.க்குப் போன் போட்டேன். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். இலையைப் பற்றிச் சொன்னதும் பஸ் இன்ஜினை நிறுத்துவது கேட்டது. "அவங்கம்மா இதே மாதிரி மீனு ஒன்னு வச்சிருந்தா, ஸ்டெல்லா. ஹார்லிக்ஸ் பாட்டில்ல. இல போட்டுதான் வைப்பா. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது."

இப்பதான் ஞாபகம் வருகிறதாம்! கடை வாசலில் ரெண்டு தடவை கூப்பிட்டாரே, அப்போது வரவில்லையா?

பூட்டை உடைக்கச் சொல்லி தனம் அக்காவுக்குப் போன். "நான் எப்டிம்மா ஒடைப்பேன், என் கதவாச்சே" என்றாள். "பொண்ணு இன்னா பண்ணுது அக்கா?" "மதியத்துலேர்ந்து அந்த ரூம் கதவாண்டயே குந்திக்கினு கீது. சோறு துன்ன கூப்ட்டா வரல."

சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு. காரணம் கேட்டார். மீன் என்று சொல்ல முடியுமா? பொண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஷேர் ஆட்டோ ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று நின்று ஆள் ஏற்றினான். இறங்கித் தள்ளலாம் போல இருந்தது.

படியேறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். சத்தமில்லாமல் போய்ப் பிடிக்கிற பழக்கம், விட மாட்டேன் என்கிறது. மேலே பேச்சுக் குரல். கதவில் கன்னத்தை வைத்து, உள்ளே இருக்கிற மீனோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஐந்து மாதமாகக் கிடைக்காத பேச்சு, மடை திறந்த மாதிரி.

"மேல வந்து காத்து குடி. கீழ படுக்காத. சித்தி டூட்டிக்குப் போயிருக்கு, பத்து மணிக்கு மேலதான் வரும். வந்ததும் நான் கெஞ்சிக் கேக்கறேன். அதுக்கு தெரியாது, அதான். அது வேணும்னு செய்யல."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது, ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தேன். சாவி துவாரத்தில் சரியாக நுழையவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்து நேராக்கினாள்.

மீன் மேற்பரப்பில் ஒருக்களித்து. செவுள் மெல்ல அசைந்தது. ரூபி கட்டிலடியிலிருந்து மூன்று பாட்டில் எடுத்து வந்தாள். இலை போட்டு ஊறவைத்த தண்ணீர், டீ நிறம். எத்தனை நாளாகத் தயாராக வைத்திருந்தாளோ. நான் அவசரத்தில் ஒரு பாட்டிலைச் சாய்க்கப் போனேன்.

"ஒரேடியா ஊத்தாதீங்க. டம்ளர் டம்ளரா. நடுவுல கொஞ்சம் கொஞ்சம் நேரம் வுடணும்."

"சரி" என்றேன். டம்ளர் எடுத்துவந்தேன். அவள் சொன்னபோது ஊற்றினேன், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினேன். ஆறு டம்ளர். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், "டைம் ஆச்சு, அடுத்தது" என்றாள்.

ஜெ. வந்தார். நேற்றைய கோழிக் குழம்பை மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தின்றோம்.

மே 20, செவ்வாய்

தூறல். மண் வாசனை. மீன் உயிரோடு. அடியில்தான் இருக்கிறது, ஆனால் நேராக நிற்கிறது. வால் நுனி போனது போனதுதான், வளரும் என்கிறாள். தொட்டி மறுபடி ஹாலில். உள் அறைப் பூட்டை தனம் அக்காவிடம் கொடுத்துவிட்டேன், மோட்டார் ரூமுக்கு வைத்துக்கொள்ளட்டும். மீதி டி.எம். தண்ணீர் கேன் மேல் சிவப்பு HOLD ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டவில்லை.

லைனில் அழுத அந்தப் பெண்ணிடம் இன்று பேச வேண்டும். பெயர்கூட விசாரிக்கவில்லை.

பதினோரு மணி. கிளம்புவதற்கு முன் எழுதலாம் என்று வந்தால் இந்த நோட்டு நான் வைத்த இடத்தில் இல்லை. புடவைக்கு அடியில் வைப்பேன், மேலே இருந்தது. உடனே மூக்கு விடைத்துக்கொண்டது. யார் எடுத்தது, எப்போது, எவ்வளவு படித்தது. இதையும் பூட்ட வேண்டியதுதான் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா.

பிரித்துப் பார்த்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில், "மீன் சாகட்டும் என்றே பார்க்கிறாள்" என்று நான் எழுதியதற்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில்:

இல்ல.

அவ்வளவுதான். அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. வேறு எங்கேயாவது எழுதியிருக்கிறாளா என்று முதலிலிருந்து புரட்டினேன். இன்னும் ஒரே ஒரு இடம். பதிமூன்றாம் தேதி, "மீனுக்குப் பேர் இல்லை" என்ற வரிக்குப் பக்கத்தில்:

இருக்கு. நீங்க கேக்கவே இல்ல.

ஹாலில்தான் இருக்கிறாள். எழுந்து போய்க் கேட்கிறேன்.